தாழி சொன்ன வார்த்தை: ரொமான்டிக் கவிதையில் அழகும் உண்மையும்

ஆங்கிலக் கவிதைப் பக்கமே போகாதவர்களுக்கும் எங்கிருந்தாவது காதில் விழுந்திருக்கக்கூடிய வாசகம் இது: “அழகே உண்மை, உண்மையே அழகு.” ஜான் கீட்ஸ் 1819-ல் ஒரு கிரேக்கத் தாழியைப் பற்றி எழுதிய பாடலின் கடைசி இரண்டு வரிகளில் வருகிறது. தனியாகப் பிய்த்து எடுத்து வைத்தால் இந்த வாசகம் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. அழகான பொய்கள் எத்தனையோ இருக்கின்றன. பிரேதப் பரிசோதனை அறிக்கை முழுக்க முழுக்க உண்மை. அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கவிஞரும் விமர்சகருமான டி. எஸ். எலியட்டுக்கும் இதே சங்கடம்தான். 1929-ல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் பற்றி எழுதும்போது இந்த வரியை இழுத்து, அழகான ஒரு கவிதையில் விழுந்த பெரிய கறை என்றார். ஒன்று, தனக்கு இது புரியவில்லை. இல்லையென்றால் சொன்னதே பொய் என்று வெளிப்படையாகவே எழுதினார். எலியட்டுக்கே பிடிபடவில்லை என்றால் முதல்முறை படிக்கிறவர் திகைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இது ஒரு சூத்திரம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் கடைசிவரை பிடிபடாது என்பது என் கருத்து. அந்தப் பாடலில் இதற்கு முன்னால் நாற்பத்தெட்டு வரிகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக வந்தால்தான் இந்த வாசகத்துக்கு அர்த்தம் கூடுகிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ரொமான்டிக் கவிதை என்றதும் காதல் கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். ஏறத்தாழ 1790-க்கும் 1830-க்கும் இடையில் இங்கிலாந்தில் எழுதிய பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ் ஆகியோரைப் பாடப்புத்தகங்கள் இந்தப் பெயரில் சேர்த்துக் கட்டுகின்றன. அவர்கள் யாரும் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. பாரதி இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அந்த ஷெல்லி இவர்களில் ஒருவர்.

அழகையும் உண்மையையும் முதன்முதலில் சேர்த்துப் பேசியவர் கீட்ஸும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கவிஞர் புவாலோ, உண்மையைத் தவிர வேறெதுவும் அழகல்ல என்று எழுதிவிட்டார். ஆங்கிலத் தத்துவவாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1709-ல் “அழகெல்லாம் உண்மையே” என்றார். ஆனால் அவர் உண்மை என்றது ஒழுங்கை. முகத்தில் அங்கங்கள் சரியாக அமைந்தால் முகம் அழகு, கட்டடத்தில் விகிதம் சரியாக இருந்தால் கட்டடம் அழகு, இசையில் அளவு பிசகாமல் இருந்தால் இசை அழகு. சரியாக இருப்பது எதுவோ அது அழகு, அவ்வளவுதான். இதில் சண்டைக்கே இடமில்லை.

சண்டை வந்தது அறிவியலால். நியூட்டன் ஒளியைப் பட்டகத்தில் விட்டுப் பிரித்துக் காட்டிய பிறகு, ‘உண்மை’ என்ற சொல் மெல்லமெல்ல ஆய்வுக்கூடத்தின் சொத்தாகிக்கொண்டிருந்தது. எடைபோட முடிந்தது உண்மை, அளக்க முடிந்தது உண்மை. அப்படியானால் கவிஞனுக்கு மிச்சம் என்ன? அலங்காரம்தானா?

1817 டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓவியர் பெஞ்சமின் ஹேடன் வீட்டில் நடந்த விருந்து இந்தக் கோபத்துக்கு நல்ல சாட்சி. வேர்ட்ஸ்வொர்த், கட்டுரையாளர் சார்லஸ் லாம், கீட்ஸ் மூவரும் இருந்தார்கள். கிறிஸ்து ஜெருசலேமுக்குள் நுழையும் காட்சியை ஹேடன் ஒரு பெரிய ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். அதில் கூட்டத்துக்குள் நியூட்டனின் முகத்தையும் வைத்திருந்தார். நன்றாகக் குடித்திருந்த லாம் இதைப் பிடித்துக்கொண்டார்: முக்கோணத்தின் மூன்று பக்கம் போலத் தெளிவாக இருந்தாலொழிய எதையும் நம்பாத ஆளை எப்படி இதில் வைக்கலாம்? பிறகு லாமும் கீட்ஸும் சேர்ந்து, வானவில்லைப் பட்டக நிறங்களாகக் குறுக்கி அதன் கவிதை முழுவதையும் நியூட்டன் அழித்துவிட்டார் என்று தீர்மானித்தார்கள். நியூட்டனின் நலத்துக்கும் கணிதத்தின் குழப்பத்துக்குமாகக் கோப்பையை உயர்த்தினார்கள். பாதி விளையாட்டுதான். மீதிப் பாதி விளையாட்டில்லை.

இதை வைத்து ரொமான்டிக் கவிஞர்கள் எல்லாரும் அறிவியல் விரோதிகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஷெல்லி ஆக்ஸ்ஃபோர்டில் தன் அறை முழுக்க வேதியியல் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தவர். கீட்ஸே மருத்துவம் படித்தவர். அவர்கள் கேட்டது வேறு: உண்மைக்கு ஒரே வாசல்தானா?

இந்தக் கேள்விக்கு வேர்ட்ஸ்வொர்த் கொடுத்த பதில்தான் எல்லாவற்றிலும் நிதானமானது. தன் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையை 1802-ல் விரிவாக்கியபோது அவர் சேர்த்த பகுதி ஒன்றில், கவிதையின் நோக்கம் உண்மை என்று நேராகவே சொல்கிறார். அது வெளியிலிருந்து வரும் சாட்சியத்தை நம்பி நிற்கும் உண்மை அல்ல. உணர்ச்சி அதை உயிரோடு நெஞ்சுக்குள் கொண்டுபோகிறது, அதுவே அதற்குச் சாட்சி என்கிறார். ஒருவர் இறந்த செய்தி நமக்குத் தெரிந்திருப்பது ஒன்று. அவர் இனி இல்லை என்பது ஒருநாள் திடீரென்று உறைப்பது வேறு ஒன்று. தகவலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் இரண்டாவது நிலையில்தான் நமக்கு அது உண்மையிலேயே தெரிகிறது. வேர்ட்ஸ்வொர்த் பேசுவது இந்த இரண்டாவது அறிதலை.

ஷெல்லியின் பதில் சூடானது. அறிவியல் யுகத்தில் கவிதைக்கு வேலை இல்லை என்று அவருடைய நண்பர் பீகாக் 1820-ல் கிண்டலாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு மறுப்பாக ஷெல்லி 1821-ல் எழுதியது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1840-ல்தான் அச்சேறியது. வெறும் தகவல்களால் ஆன கதை, அழகாக இருக்க வேண்டியதையும் கோணலாகக் காட்டும் கண்ணாடி. கவிதையோ கோணலானதையும் அழகாக்கும் கண்ணாடி என்றார். எனக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. கோணலை அழகாக்கும் கண்ணாடியை நாம் எந்த நம்பிக்கையில் உண்மை என்று எடுத்துக்கொள்வது? ஷெல்லி இதற்கு நின்று பதில் சொல்லவில்லை. கீட்ஸ் நின்றார்.

கீட்ஸ் 1795-ல் பிறந்தவர். எட்டு வயதில் அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பதினான்கு வயதில் அம்மா காசநோயில் போய்விட்டார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்று, அறுவை மருத்துவர்களுக்கு உதவியாளராக இருந்து, 1816-ல் மருத்துவம் பார்க்க உரிமமும் வாங்கினார். மயக்க மருந்து அறுவைக் கூடத்துக்கு வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்த காலம் அது. நினைவோடு இருக்கும் நோயாளியைப் பிடித்துக்கொண்டுதான் காலை அறுப்பார்கள். அந்தக் கூடத்தில் நின்றவர் அழகைப் பற்றிப் பேசினால், வலி தெரியாதவரின் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

1817 நவம்பர் 22 அன்று நண்பர் பெஞ்சமின் பெய்லிக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் இந்த எண்ணம் முதலில் தெளிவாக வருகிறது. இதயத்தின் பற்றுகள் புனிதமானவை, கற்பனை உண்மையானது. இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் தனக்கு நிச்சயமில்லை என்கிறார். கற்பனை எதை அழகு என்று பற்றிக்கொள்கிறதோ அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், அது முன்பே இருந்ததோ இல்லையோ என்கிறார். கற்பனையை ஆதாமின் கனவோடு ஒப்பிடுகிறார். மில்டனின் காவியத்தில் ஏவாள் உருவாகும்போது ஆதாம் உறங்குகிறான். கனவில் அவளைக் காண்கிறான். விழித்துப் பார்த்தால் அவள் எதிரே நிற்கிறாள்.

“முன்பே இருந்ததோ இல்லையோ” என்பதை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தாழிப் பாடலின் சாவி அதில்தான் இருக்கிறது.

அடுத்த மாதமே தம்பிகள் ஜார்ஜுக்கும் டாமுக்கும் எழுதிய கடிதத்தில் இன்னொரு விஷயம் சேர்கிறது. பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த மரணக் குதிரை ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதில் தீவிரம் போதவில்லை என்று குறைபடுகிறார். கலைக்கு வேண்டியது தீவிரம். அது இருந்தால் அருவருப்பானதெல்லாம் ஆவியாகிவிடும், ஏனென்றால் அவை அப்போது அழகோடும் உண்மையோடும் நெருங்கிய உறவுக்கு வந்துவிடுகின்றன. உதாரணம் வேண்டுமானால் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தைப் பார் என்கிறார். கண்ணைப் பிடுங்குவதும், மகளின் பிணத்தைத் தூக்கிவரும் கிழவனும் உள்ள நாடகம் அது. அழகுக்கு இதைப்போய் உதாரணம் காட்டுகிறவர், அழகு என்று பூவையும் நிலவையும் மட்டும் சொல்லியிருக்க முடியாது.

ஓராண்டு கழித்து, 1818 டிசம்பர் 1 அன்று, டாம் காசநோயில் இறந்தான். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது கீட்ஸ். அதற்கடுத்த வசந்தத்தில் எழுதியவைதான் புகழ்பெற்ற பாடல்கள், தாழிப் பாடல் உட்பட.

ஐந்து பத்தி, ஒவ்வொன்றிலும் பத்து வரி. தாழி ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கும் குறிப்பிட்ட தாழி இல்லை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பளிங்குத் தாழியைப் பார்த்து வரைந்த கோட்டுச் சித்திரம் ஒன்று கீட்ஸின் கையால் ஆனது என்று சொல்கிறார்கள். 1817 மார்ச்சில் ஹேடனோடு போய், ஏதென்ஸிலிருந்து கொண்டுவந்த பார்த்தினன் கோயில் சிற்பங்களையும் அவர் பார்த்திருந்தார். பலவற்றைக் கலந்து அவரே வனைந்த தாழி இது.

முதல் பத்தி முழுக்கக் கேள்விகள். இவர்கள் மனிதர்களா, தேவர்களா? இது என்ன துரத்தல்? என்ன குழல், என்ன பறை? தாழி பதில் சொல்வதில்லை. இரண்டாவது பத்தியில் மரத்தடியில் ஒருவன் குழல் ஊதுகிறான். கேட்ட இசை இனிது, கேளாத இசை அதனினும் இனிது என்கிறார். ஒரு காதலன் முத்தமிடக் குனிந்தபடி நிற்கிறான். அவனால் ஒருபோதும் முத்தமிட முடியாது. கவலைப்படாதே, அவளும் ஒருபோதும் வாட மாட்டாள் என்று கவிஞர் தேற்றுகிறார்.

மூன்றாவது பத்தியில்தான் நெருடல் தொடங்குகிறது. ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை ஒரே பத்தியில் ஆறு தடவை சொல்கிறார். மகிழ்ச்சியான கிளைகள், மகிழ்ச்சியான பாடகன், மகிழ்ச்சியான, மகிழ்ச்சியான காதல். எழுதத் தெரியாமல் எழுதியது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கோ, இத்தனை தடவை சொல்லித் தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறார் என்றுதான் படுகிறது. பத்தியின் முடிவில் அது உடைந்தும் விடுகிறது. மூச்சுவிடும் மனிதரின் ஆசை கடைசியில் விட்டுச்செல்வது என்ன என்று சொல்லும்போது, எரியும் நெற்றி, வறளும் நாக்கு என்று முடிக்கிறார். காதல் கிறக்கத்துக்கு உவமை தேடினால் இது வராது. நோயாளியின் படுக்கைக்கு அருகில் இருந்தவருக்குத்தான் வரும்.

அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாதது நான்காவது பத்தி. தாழியைத் திருப்பினால் மறுபக்கம் ஒரு பலி ஊர்வலம். பூசாரி ஒரு பசுங்கன்றைப் பச்சைப் பலிபீடத்துக்கு ஓட்டிப் போகிறார். அதன் பட்டுப் போன்ற விலாவில் மாலைகள். அது வானத்தைப் பார்த்துக் கத்துகிறது. பின்னால் ஜனங்கள். இதுவரை கல்லில் இருப்பது. இங்கே கீட்ஸ் ஒரு கேள்வி கேட்கிறார்: இத்தனை பேரும் இங்கே வந்துவிட்டார்களே, எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? ஆற்றங்கரை ஊரா, கடற்கரை ஊரா, கோட்டை காக்கும் மலையூரா? அவருக்கே தெரியாது, ஏனென்றால் அந்த ஊர் தாழியில் இல்லை. யாரும் செதுக்கவில்லை. ஊர்வலத்தைப் பார்த்து அவராக ஊகித்தது. ஊகித்தவுடன் இன்னொன்றும் அவருக்குத் தெரிகிறது. இவர்கள் பலிபீடத்தை ஒருநாளும் அடையப் போவதில்லை. அதனால் வீடு திரும்பவும் போவதில்லை. அந்தச் சின்ன ஊரின் தெருக்கள் என்றென்றைக்கும் மௌனமாகக் கிடக்கும். ஏன் இப்படி வெறிச்சோடிப் போனாய் என்று சொல்லக்கூட ஒரு ஆள் திரும்பி வர முடியாது.

பெய்லிக்கு எழுதியது இப்போது புரியும். முன்பே இருந்ததோ இல்லையோ, கற்பனை பற்றிக்கொண்டது உண்மை. இல்லாத ஊர் ஒன்றைக் கற்பனை கண்டுபிடித்தது. அந்த ஊர் வழியாகத்தான் தாழியைப் பற்றிய மிகப் பெரிய உண்மை நமக்குத் தெரிகிறது. காலத்தை நிறுத்தினால் காதலி வாட மாட்டாள், சரி. அதே கையோடு ஒரு ஊரே பாழாகும். இரண்டாவது பத்தியில் வரமாக இருந்தது நான்காவது பத்தியில் சாபமாகத் தெரிகிறது. கல்லை எத்தனை முறை அளந்தாலும் இந்த ஊர் கிடைக்காது. இதில் அழகு எது, உண்மை எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. பாடலில் மிக அழகான இடமும் அதுதான், மிகத் துக்கமான இடமும் அதுதான்.

இதற்குப் பிறகுதான் ஐந்தாவது பத்தி. கவிஞர் இப்போது தாழியைக் குளிர்ந்தது என்கிறார். சிந்தனைக்கு எட்டாமல் எங்களை அலைக்கழிக்கிறாய், நித்தியம் அலைக்கழிப்பதுபோல என்கிறார். இந்தத் தலைமுறை முதுமையில் அழிந்த பிறகும், எங்களுடையது அல்லாத வேறு துயரங்களின் நடுவே நீ இருப்பாய், மனிதருக்கு நண்பனாக. அவர்களிடம் நீ சொல்வாய்: அழகே உண்மை, உண்மையே அழகு. பூமியில் நீங்கள் அறிவது இவ்வளவுதான், அறிய வேண்டியதும் இவ்வளவுதான்.

இங்கே ஒரு அச்சுச் சிக்கல் உண்டு. அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பாடல் 1820 ஜனவரியில் ஒரு கலை இதழில் வந்தபோது மேற்கோள் குறி எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் புத்தகமாக வந்தபோது முதல் ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் குறி போட்டிருந்தது. கீட்ஸ் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. நண்பர்கள் எடுத்த நான்கு நகல்களில் குறி இல்லை. குறி போட்டால், ஐந்து சொல்லைத் தாழி பேசுகிறது, மீதியைக் கவிஞர் பேசுகிறார் என்று படிக்கலாம். போடாவிட்டால் எல்லாமே தாழியின் பேச்சு. “நீங்கள் அறிவது இவ்வளவுதான்” என்பதில் அந்த ‘நீங்கள்’ யார் என்பதும் இதைப் பொறுத்து மாறும். தாழி நம்மிடம் சொல்கிறதா? கவிஞர் நம்மிடமா? அல்லது கல்லில் நிற்கும் அந்த உருவங்களிடமா?

அமெரிக்க விமர்சகர் கிளீயந்த் புரூக்ஸ் 1947-ல் இதற்கு ஒரு நல்ல வழி காட்டினார். நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசுவதுபோல இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். லியர் நாடகத்தில் ஒருவன் “பக்குவமே எல்லாம்” என்றால், அதை ஷேக்ஸ்பியரின் தத்துவம் என்று பிடித்துக்கொண்டு யாரும் வாதாடுவதில்லை. அந்த ஆள் அந்த நேரத்தில் அதைச் சொல்வது பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறோம். இங்கே பேசுவது ஒரு தாழி. சாவு இல்லாதது, வெப்பமும் இல்லாதது. அதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எரியும் நெற்றி உள்ள நமக்குப் போதுமா என்பதற்குப் பாடலில் பதில் இல்லை. நான் இந்தப் பக்கம்தான். எலியட்டின் புகார் வரியின் மேல் சரி, பாடலின் மேல் பொருந்தாது.

கீட்ஸ் இந்த வாசகத்தைக் கண்மூடி நம்பவில்லை என்பதற்கு வேறு ஆதாரமும் இருக்கிறது. அதே 1820 புத்தகத்தின் முதல் கவிதை ‘லேமியா’. பெண் உருவெடுத்த பாம்பு அவள். கொரிந்து நகரத்து இளைஞன் லைசியஸ் அவள் மேல் பித்தாகிறான். கல்யாண விருந்தில் அவனுடைய குரு அப்பல்லோனியஸ் கண்கொட்டாமல் அவளையே பார்த்து, ‘பாம்பு’ என்கிறார். சொன்னது முழுக்க உண்மை. அவள் அலறி மறைகிறாள், அன்றிரவே லைசியஸ் இறந்துபோகிறான். ஹேடன் வீட்டு வானவில்லும் இந்தக் கவிதையில் வருகிறது: வானத்தில் ஒரு காலத்தில் பிரமிக்கவைத்த வானவில் இருந்தது, இப்போது அதன் நெசவும் இழையும் தெரியும், சாதாரணப் பொருள்களின் சலிப்பூட்டும் பட்டியலில் அதுவும் ஒன்று. இங்கே அழகு பொய், உண்மை கொலைகாரன். கீட்ஸ் யார் பக்கம் என்று கேட்டால் சொல்வது கடினம். குரு மேல் எரிச்சல் இருக்கிறது, ஆனால் லேமியா பாம்பு இல்லை என்று ஒரு வரியிலும் சொல்லவில்லை. ஒரே அட்டைக்குள் முதலில் லேமியா, பிறகு தாழி. இரண்டையும் சேர்த்து வைத்தவருக்கு ஒற்றைச் சூத்திரத்தில் நம்பிக்கை இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் புத்தகம் வந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. பிப்ரவரியிலேயே இருமலோடு வந்த ரத்தத்தைப் பார்த்து, இது தமனி ரத்தம், இதன் நிறம் எனக்குத் தெரியும், இது என் மரண உத்தரவு என்று நண்பர் பிரௌனிடம் சொல்லியிருந்தார். 1821 பிப்ரவரியில் ரோமில் இறந்தார்.

புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் தாழிப் பாடலை நான்காவது பத்தியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். வாய்விட்டுப் படித்துவிட்டு, அப்புறம் முதலிலிருந்து வரலாம். அடுத்து, அதே புத்தகத்தில் உள்ள துயரத்தைப் பற்றிய சிறு பாடல். அதில் துயரம் குடியிருப்பது அழகோடுதான், செத்தே தீர வேண்டிய அழகோடு. லேமியா நீளம், சுமார் எழுநூறு வரி. முதல் வாசிப்புக்கு இரண்டாம் பகுதி மட்டும் போதும், விருந்து அதில்தான் வருகிறது.